தாங்கலந் தனவே: எங்கே பிரித்துப் படிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (அல்சூர்): பணி ஓய்வுக்குப் பிறகு சங்க இலக்கியம் படிக்கலாம் என்று எட்டுத்தொகை முழுவதையும் உரையோடு வாங்கினேன். நற்றிணையில் நாலாம் பாட்டோடு நின்றுபோனது. உரை புரிகிறது, மூலம் புரியவில்லை. மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நற்றிணையை மூடி வையுங்கள். அது தொகுதியில் முதலில் நிற்பதற்குக் காரணம், 'நற்றிணை நல்ல குறுந்தொகை' என்று தொடங்கும் பழைய வெண்பா அந்த வரிசையில் சொல்வதுதான். எளிமை பார்த்து வைத்த வரிசை அல்ல. குறுந்தொகையை எடுங்கள். 401 பாட்டு, ஓரிரண்டு தவிர எல்லாம் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடியும். அதிலும் ஒன்றாம் எண்ணிலிருந்து போக வேண்டாம். 40, 3, 18, 25, 28, 49, 167 என்று இந்த ஏழு பாட்டை மட்டும் பாட்டுக்கு இரண்டு நாளாகப் படித்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

மூலம் புரியாததற்கு அருஞ்சொல்தான் காரணம் என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் காரணம் அச்சு. செய்யுளைச் சீர் பிரித்து அச்சிடுகிறார்கள், சொல் பிரித்து அல்ல. 40ஆம் பாட்டைப் பாருங்கள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

'தாங்கலந்' என்று ஒரு சொல்லும் இல்லை, 'தனவே' என்றும் இல்லை. 'தாம் கலந்தனவே' என்பது ஓசைக்காக அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. 'யாரா கியரோ' என்பது 'யார் ஆகியரோ'. 'பெயனீர்' என்பது பெயல் + நீர், அதாவது மழைநீர். லகரமும் நகரமும் சேர்ந்து னகரம் ஆயிற்று. இந்த மூன்றைப் பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு சொல்தான்: யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய்.

ஆகவே முதல் வேலை, பாட்டைக் கையால் நோட்டில் எழுதுவது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். அச்சில் உள்ளபடி ஒரு முறை வாய்விட்டுப் படித்தபின், அடியில் விட்ட இடத்தில் சொல் பிரித்து எழுதிக்கொண்டு மறுபடி படியுங்கள். அடுத்து வினைமுற்றைத் தேடுங்கள். சங்கப் பாட்டில் பல, முழுப் பாட்டுமே ஒரே வாக்கியமாக ஓடி ஒரு வினையில் போய் முடியும். அதைப் பிடித்தால் மற்றவை தாமாக வந்து பொருந்தும். இங்கே 'கலந்தன'. எவை கலந்தன? நெஞ்சங்கள். எப்படி? செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல. இவ்வளவும் ஆன பிறகு பதவுரையைத் திறவுங்கள். முதலிலேயே உரையைப் படித்துவிட்டால் உரைதான் நினைவில் நிற்கும், பாட்டு நிற்காது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அடுத்து தடுக்குவது அளபெடை. 167இல் 'கழாஅது உடீஇ' என்று வரும். நடுவில் நிற்கும் அகரம் ஓசையை நீட்டத்தான்; கடைசி இகரம் 'உடுத்து' என்பதை 'உடுத்தி' ஆக்குகிறது. சேர்த்துப் படித்தால் 'கழுவாமல் உடுத்தி'. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே உடுத்திக்கொண்டு புளிக்குழம்பு வைக்கிறாள் புது மனைவி. கணவன் 'இனிது' என்று உண்ண, அவள் முகம் நுணுக்கமாக மலர்கிறது. ஆறடியில் ஒரு சமையலறை முழுதும் வந்துவிடுகிறது.

பாட்டின் அடியிலோ தலையிலோ யார் யாரிடம் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதற்குக் கூற்று என்று பெயர். அது புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்த்தது. உதவியானது, ஆனால் கடைசியில் பாருங்கள். திணை, முதல், கரு, உரி அட்டவணையையும் ஏழு பாட்டு முடிந்தபின் படித்தால் போதும். முன்கூட்டி மனப்பாடம் செய்தால் பள்ளிக்கூடப் பரீட்சை நினைவுதான் வரும்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்னால் பழைய தமிழ் படிக்க முடியுமா?

பதில்: உங்கள் கன்னடம் கை கொடுக்கும். வீட்டுத் தமிழில் தண்ணி, வீடு, காது. பழந்தமிழில் நீர், மனை, செவி. கன்னடத்தில் நீரு, மனெ, கிவி. சொல் முதலில் வரும் ஹகரத்தைப் பகரமாக்கிப் பாருங்கள்: ஹாலு பால், ஹகலு பகல். எல்லா இடத்திலும் நம்பிவிடவும் கூடாது. 'நாற்றம்' பழைய நூலில் நறுமணத்துக்கும் வரும், இன்றைய தமிழிலும் கன்னடத்திலும் மூக்கைப் பொத்துகிற சங்கதி. வேகம் வரும்வரை திருக்குறளே நல்லது. ஏழு சீரில் முடிகிறது. மு.வ.வின் தெளிவுரையோடு, இனியவை கூறல் (10ஆம் அதிகாரம்), கல்வி (40), கேள்வி (42) மூன்றையும் முதலில் படியுங்கள். பழைய உரைகாரர் பரிமேலழகர் ஒரு வருஷம் காத்திருப்பார்.

கேள்வி (கோரமங்களா): தத்துவம் படிக்க ஆசை. பிளேட்டோவின் 'குடியரசு' ஆங்கிலத்தில் வாங்கி இரண்டு முறை பாதியில் விட்டேன். தமிழில் படித்தால் புரியுமா?

பதில்: வெ. சாமிநாத சர்மா அதைப் 'பிளேட்டோவின் அரசியல்' என்று தமிழில் தந்திருக்கிறார். ஆனால் உங்கள் சிக்கல் மொழியல்ல, அளவு. பிளேட்டோ நூல்களின் ஓரத்தில் 327a போன்ற எண் இருக்கும். 1578இல் ஸ்டெஃபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண் அது. எந்த மொழிபெயர்ப்பிலும் மாறாது. 'குடியரசு' 327இல் தொடங்கி 621 வரை போகிறது. 'யூதிஃப்ரோ' 2 முதல் 16 வரைதான். அதை முதலில் எடுங்கள். பிறகு 'அப்பாலஜி' (17–42), 'கிரீட்டோ' (43–54). மூன்றும் சாக்ரடீஸ் மீதான வழக்கை ஒட்டியவை.

'யூதிஃப்ரோ'வில் தன் தந்தை மீதே கொலை வழக்குப் போட வந்தவனிடம், தெய்வத்துக்கு உகந்த செயல் எது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அவன் ஒரு விடை சொல்கிறான், அது உடைகிறது, வேறு விடை சொல்கிறான். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அவன் சொன்ன விடை, சாக்ரடீஸின் மறுப்பு, மறுப்பு செல்லுமா என்பதில் உங்கள் கருத்து. 10a வந்ததும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்: தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் விரும்புகின்றனவா? கடைசியில் முடிவு கிடைக்காது. யூதிஃப்ரோ அவசரமாகக் கிளம்பிவிடுவான். முடிவைத் தேடிப் புரட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாந்து புத்தகத்தை வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் பத்தி நிரம்பியிருந்தால் படித்ததாகவே கணக்கு.

கேள்வி (ஜாலஹள்ளி): தத்துவம் என்றால் கிரேக்கமா? தமிழில் வாதமாக எழுதியது எதுவும் இல்லையா?

பதில்: மணிமேகலை இருக்கிறதே! 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள்: அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று வந்து, கடைசியில் பூதவாதி. கண்ணால் காண்பதே உண்மை, அனுமானம் செல்லாது என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை எதைக் கொண்டு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள்.

29ஆம் காதை தருக்கப் பாடம். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இன்னும் உபநயம், நிகமனம் என இரண்டு உண்டு; அவை திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று நூலே சொல்கிறது. அதற்குப் பின் வரும் குற்றப் பட்டியல் கரடுமுரடு. முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். படித்த கையோடு அன்றைய நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து பக்கம் எது, ஏது எது, திட்டாந்தம் எது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். சில நாள் ஏது அகப்படவே அகப்படாது.

கேள்வி (கம்மனஹள்ளி): இந்த நூல்கள் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

பதில்: அல்சூர் ஏரி அருகே தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பிளேட்டோவுக்கு சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகள்; வாங்குமுன் ஓரத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத மலிவுப் பதிப்பு வேண்டாம். தமிழ் மூலங்கள் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசம். ஆனால் அங்கே பல நூல்களுக்கு மூலம் மட்டும்தான் இருக்கும். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடக் கிடைக்கிறது. சொல்லைப் பிரித்தபின் தேடுங்கள். 'தாங்கலந்' என்று அடித்தால் எந்த அகராதியும் கையை விரிக்கும்.