யூனிட்டுக்கே தெரிந்த ரகசியம்

அன்புள்ள ஐயா,

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் அதை மறைக்காமல் ராணுவத்தில் வேலை பார்க்க இடம் வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் 24 வருடம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். நீங்கள் பாரக்கில் படுத்ததில்லை. ஒரே தகரக் கொட்டகையில் 30 பேர் படுத்து எழுவோம். பனிமலையில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தால்தான் குளிர் தாங்கும். அங்கே இந்தப் பேச்சு நுழைந்தால் கட்டுக்கோப்பு என்ன ஆகும்? ஒரு மேலதிகாரியே இப்படி இருந்து, கீழே இருக்கிற பையனைத் தொந்தரவு செய்தால் அவன் எங்கே போய்ச் சொல்வான்?

எங்கள் யூனிட்டிலும் ஒருவன் இருந்தான். ரேடியோ செட்டில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. 11 வருடம் ஒரு பிரச்சினையும் வரவில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஓய்வுக்குப் பிறகு எங்கள் ரீயூனியன் எதற்கும் அவன் வந்ததில்லை. ஏன் என்று தெரியவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம்.

முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

நான் பாரக்கில் படுத்ததில்லை என்பது உண்மை. அதனால் படுத்தவர்களின் சாட்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன். முதல் சாட்சி நீங்கள்தான். அந்த ரேடியோக்காரரைப் பற்றி யூனிட்டுக்கே தெரிந்திருந்தது. 11 வருடம் ஒரே கூரையின் கீழ் படுத்தீர்கள். கட்டுக்கோப்பு குலையவில்லை. ஆகவே அவர் ராணுவத்தில் இருக்கலாமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வழக்கே இல்லை. அவர் வாயைத் திறக்கலாமா என்பதில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் ஏற்பாட்டை அமெரிக்கா சட்டமாகவே போட்டு நடத்திப் பார்த்தது. 'கேட்காதே, சொல்லாதே' என்றே அதற்குப் பெயர். 1993இல் கிளிண்டன் ஆட்சியில் வந்து, 2011 செப்டம்பர் 20 அன்று முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் 13,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். ராணுவம் கேட்காது என்பது பேச்சு. ஆனால் யாராவது போய்ச் சொன்னால் விசாரணை வரும். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், அரபு தெரிந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு இருந்தபோதே, அரபு மொழி வல்லுநர்கள் பலரை இதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் யூனிட்டில் இருந்தவர்கள் நல்லவர்கள், அதனால் அந்த மௌனம் அவரைக் காப்பாற்றியது. ஒரே ஒரு கெட்டவன் இருந்திருந்தால்? கென்டக்கி மாநில எல்லையில் உள்ள ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் பாரி வின்செல் என்ற 21 வயதுச் சிப்பாய் இருந்தார். 1999 ஜூலையில், தூங்கிக்கொண்டிருந்தவரைச் சக சிப்பாய் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றான். அதற்கு முன் பல வாரங்களாக அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். ஏன் சீண்டுகிறார்கள் என்பதை விளக்கி அவர் புகார் கொடுத்தால், அந்தப் புகாரே அவர் வேலைக்கு உலை வைக்கும். நீங்கள் கேட்ட அந்தக் கீழ்நிலைப் பையனின் கதியும் இதுதான். மேலதிகாரி தொந்தரவு செய்தால், உண்மையைச் சொன்னால் தன்னையும் சந்தேகிப்பார்களோ என்று அவன் பயப்படுவான். பேசக்கூடாத விஷயம் என்று ஆக்கி வைத்தால் துணிச்சல் வருவது அந்த மேலதிகாரிக்குத்தான்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்தது. அங்கே ராணுவப் போலீஸே ஆட்களைத் தேடிப் பிடித்து, பெட்டியைக் கிளறி, கடிதங்களைப் படித்து, யாரோடு படுத்தாய் என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் அது தவறு என்று தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் படையில் இருக்கக் கூடாது என்ற தடையை 2000 ஜனவரி 12 அன்று எடுத்தார்கள். கூடவே எல்லாருக்கும் ஒரே நடத்தை விதியைக் கொண்டுவந்தார்கள். ஆணோ பெண்ணோ, யார் யாரை விரும்பினாலும், பதவியை வைத்து ஒருவரைத் தொட்டால் தவறு. வேலையைக் கெடுக்கும் உறவு என்றால் நடவடிக்கை. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில், பழைய தடைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

போர்முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் கவலை அதுதானே. சட்டத்தை எடுப்பதற்கு முன் 2010இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஆட்களிடமே கருத்துக் கேட்டது. சுமார் 1,15,000 பேர் பதில் அனுப்பினார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று தாங்கள் கருதிய ஒருவரோடு வேலை செய்தவர்களில் 92 சதவீதம் பேர், தங்கள் யூனிட் சேர்ந்து இயங்கியதில் குறை சொல்லவில்லை. மிகக் கடுமையாக எதிர்த்த மரைன் போர்ப் பிரிவுகளில்கூட அது 84 சதவீதம். யாரென்றே தெரியாத ஆளை நினைத்துத்தான் பயம் வருகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிக்னல்காரரை நினைத்து வருவதில்லை. உங்களுக்கும் வரவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பில் சொன்னது. 2019 ஜனவரியில் அன்றைய தளபதி பிபின் ராவத், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுப்போம் என்றார். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது, உங்கள் நண்பரின் 11 வருடமும் யாரோ ஒருவர் எழுதித் தரும் ஒரு தாளில் முடிந்திருக்கலாம்.

இன்னொரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுப்பது பற்றியது. ஜவான்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்தவர்கள், ஒரு பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த வாதத்தைப் படித்தபோது பெண்களை விட உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. கிராமத்து ஆள் மாறமாட்டான் என்று யார் முடிவு செய்தது? 11 வருடம் ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தவர்கள் கிராமத்திலிருந்து வந்தவர்கள்தானே.

வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். பாரக்கில் ராத்திரி என்ன பேசுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். லீவு எப்போது, வீட்டில் என்ன சமையல், பெண்டாட்டி போனில் என்ன சண்டை போட்டாள், பையன் என்ன மார்க் வாங்கினான். உங்கள் வாழ்க்கையை நீங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். அது உங்களுக்குச் சொல்வதாகவே தோன்றியிருக்காது. 'எப்போடா கல்யாணம்' என்று கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு பொய்யைத் தேடி எடுத்திருப்பார். அமெரிக்க அதிபருக்குத் தலைமை ராணுவ ஆலோசகராக இருந்த அட்மிரல் மைக் முல்லன், 2010 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் செனட் குழுவின் முன் இதைத்தான் சொன்னார்: நாட்டு மக்களைக் காக்க வருகிற இளைஞர்களை, தாங்கள் யார் என்பதில் பொய் சொல்ல வைக்கிறோம், அது என்னை உறுத்துகிறது என்று.

அவர் ரீயூனியனுக்கு ஏன் வரவில்லை என்பதை நான் ஊகித்துச் சொல்வது சரியல்ல. ஆனால் அங்கே எல்லாரும் குடும்பத்தோடு வருவீர்கள் என்று நினைக்கிறேன். அவருடைய நம்பர் உங்களில் ஒருவரிடமாவது இருக்கும். அடுத்த முறை குரூப்பில் போடும் பொது அழைப்போடு விட்டுவிடாமல், நீங்களே கூப்பிடுங்கள். உனக்கு வேண்டியவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லுங்கள். அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டாம்.

அன்புடன்.