சிசேரியன் தையல்ல சீழ் ஏன் வைக்குது?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு கர்ப்பத்துல சுகர் வந்திருக்கு, வெயிட்டும் ஜாஸ்தி, சிசேரியன் ஆகலாம்ங்கறாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு தையல் போட்ட எடத்துல சீழ் வச்சிடுச்சு, சீக்கிரமே குளிச்சதாலதான்னு பேசிக்கிறாங்க, நெசமா?

பதில்: குளிச்சதால இல்லம்மா, பாவம் அந்தப் பொண்ணு மேல பழியப் போடாதீங்க. சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா காயம் ஆற லேட்டாகும், கிருமிக்கும் கொண்டாட்டம், அதோட வயித்துல கொழுப்பு அதிகமா இருந்தா அந்த மடிப்புக்குள்ள வேர்த்து ஈரமாவே கெடக்கும், அங்கதான் பிரச்சனை ஆரம்பிக்கும். பனிக்குடம் ஒடஞ்சு ரொம்ப நேரம் ஆயிட்டாலோ, நெறைய நேரம் வலி எடுத்துட்டு கடைசியில அவசரமா ஆபரேஷன் பண்ணாலோ ரிஸ்க் இன்னும் கூடும். ரத்தசோகையும் சேர்த்துக்கோங்க.

இப்பவே சுகர கட்டுப்பாட்டுல வைங்க. வீட்டுல பிளேடு வச்சு ஷேவ் பண்ணிட்டுப் போகாதீங்க, அந்தச் சின்னக் கீறல்ல கிருமி பூந்துடும். வெட்டுறதுக்கு முன்னாடி 1 மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி போடணும், போடுவீங்களான்னு தைரியமா கேளுங்க, தப்பில்ல. அப்புறம் பத்தியம்னு முட்டை மீன நிறுத்திட்டு வெறும் ரசஞ்சோறு போடுற மாமியாருங்க இருக்காங்களே, காயம் ஆற புரோட்டீன் வேணும்மா!

சீழ் வச்சா பெரும்பாலும் வீட்டுக்கு வந்த அப்புறம்தான், ஆபரேஷன் ஆன 4லேர்ந்து 7 நாளுக்குள்ள தெரியும், சில பேருக்கு லேட்டாவும் வரும். சிவந்து வீங்கினா, நீர் கசிஞ்சா, நாத்தம் அடிச்சா, காய்ச்சல் 100.4 தாண்டினா மஞ்சள் பத்து போட்டுட்டு ஒக்காராம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.