மல்லாவி அக்காவுக்கு: மகனை எந்தக் கோர்ஸில் சேர்ப்பது?

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். இதே கேள்வியைத் துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வேறு அம்மாமாரும் கேட்கிறபடியால், நீங்கள் சம்மதித்ததுபோல, பேரைப் போடாமல் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

மகன் உயர்தரம் இரண்டு தரம் எழுதியும் கம்பஸ் வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. வீட்டில் மூன்று கதை ஓடுகிறது. நீங்கள் ஆறு மாதக் கணினிக் கோர்ஸ் என்கிறீர்கள். தகப்பன், அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்கட்டும் என்கிறார். கனடாவில் இருக்கிற உங்கள் தம்பியோ, அங்கே கொலிஜ்களில் கம்பனிக்காரரைக் கேட்டுத்தான் பாடம் வைப்பார்கள், இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, காசு அனுப்புகிறேன், கொழும்பில் ஒரு டிப்ளோமா படிக்கட்டும் என்கிறார். மகன் என்ன சொல்கிறான் என்பது மட்டும் அந்தப் பதிவில் இல்லை. சரி, அதற்குப் பிறகு வருவோம்.

தம்பி சொன்னதில் பாதி சரி. ஒன்டாரியோ கொலிஜ்களில் கற்கைகளுக்கு ஆலோசனைக் குழு இருக்கும், அந்தத் தொழிலை நடத்துகிறவர்கள் அதில் இருந்து, இந்த மிசின் இப்போது பாவனையில் இல்லை, இதை விட்டுவிட்டு அதைப் படிப்பியுங்கள் என்று சொல்வார்கள். ஜெர்மனியில் அதற்கும் ஒரு படி மேல். பிள்ளை முதலில் ஒரு கம்பனியோடு பயிலுனர் ஒப்பந்தம் எழுதும், கிழமையில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை, ஒன்றிரண்டு நாள்தான் பள்ளிக்கூடம். யார் வேலை தருவார் என்ற கேள்வியை அங்கே படிப்பு முடியும்வரை தள்ளிப்போட முடியாது, சேருகிற அன்றே முன்னுக்கு வந்து நிற்கும்.

இங்கே ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதுதான் பிழை. கிளிநொச்சி அறிவியல் நகரில், ஜெர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், மின், இயந்திரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் அங்கே உண்டு. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வி.ரி.ஏ. என்று நாங்கள் சொல்கிற தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு வன்னி மாவட்டங்களில் நிலையங்கள் இருக்கின்றன. நைட்டா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, பிள்ளையை ஒரு கராஜிலோ ஆலையிலோ பயிலுனராக விட்டே பழக்கும். கொழும்புக்குக் காசு அனுப்ப முதல் இந்த நாலு வாசலையும் ஒருக்கால் மிதித்துப் பாருங்கள்.

இவற்றில் கிடைக்கிற சான்றிதழ் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமை. ஒன்றிலிருந்து ஏழு மட்டம் வரை போகும். நாலாம் மட்டம் என்றால், பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுக்காமலே அந்தத் தொழிலைச் செய்யக்கூடியவர் என்று பொருள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கம்பஸ் போகவில்லையே என்று அழுகிற அம்மாமாருக்கு நான் இந்த ஏணியைத்தான் காட்டுவேன், பட்டம் வரை ஏற இன்னொரு வழி இது, நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. என்.வி.கியூ. தரம் முழு நாட்டுக்கும் ஒன்று. மாத்தறையில் மின்னிணைப்புப் படிக்கிற பிள்ளைக்கும் முல்லைத்தீவில் படிக்கிற பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். அதனால்தான் அந்தச் சான்றிதழை எங்கே கொண்டுபோனாலும் மதிப்பு, அதே காரணத்தால்தான் அதில் வன்னியின் தேவை என்று தனியாக ஒன்றும் எழுதியிருக்காது. நெல் ஆலைக்கு என்ன வேண்டும், ஐஸ் தொழிற்சாலைக்கு என்ன வேண்டும் என்பது புத்தகத்தில் வராது. அது வருகிற ஒரே இடம், வகுப்பு முடிந்த பிறகு பல மாதம் பிள்ளையை வேலைத்தளத்தில் விடுகிறார்களே, அந்தத் தொழிலிடப் பயிற்சி. பிள்ளைகள் ஓஜேடி என்பார்கள். என்னைக் கேட்டால், கோர்ஸின் பேரைவிட ஓஜேடி எங்கே என்பதுதான் பெரிய கேள்வி, சேரும்போது அதைக் கேட்கிற பெற்றோரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

இதில் எனக்கே ஒரு அடி இருக்கிறது. முன்பு நான் ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தபோது, மின்னிணைப்பு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த இரண்டு பொடியங்களில் ஒருவனைப் பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கும் மற்றவனை ஒரு அலுவலகத்தின் பராமரிப்புப் பிரிவுக்கும் அனுப்பினோம். அலுவலகம் என்றதும் அந்தப் பிள்ளையின் வீட்டில் சந்தோசம். வெயில் இல்லை, எண்ணெய் இல்லை, உடுப்பு அழுக்காகாது. ஆறு மாதமும் அவன் களஞ்சியத்தில் சாமான் எழுதினான், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான், இடைக்கிடை பல்ப் மாற்றினான். ஆலைக்குப் போனவன் முதல் மாதம் உமித்தூசியில் இருமிக்கொண்டு திரிந்தான், பிறகு திரீபேஸ் மோட்டார் ஏன் சுடுகிறது, பெல்ட் ஏன் அறுகிறது, கறுத்த அரிசியைப் பிரிக்கிற மிசின் ஏன் நிற்கிறது என்று எல்லாம் பழகி, அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டான். இரண்டு பேரிடமும் ஒரே சான்றிதழ். அலுவலகத்துக்கான கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான், அங்கே என்ன வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆகவே, எந்த நிலையத்துக்குப் போனாலும் அங்கே இருக்கிற போதனாசிரியரிடம் மூன்று விசயம் கேளுங்கள். போன பிரிவுப் பிள்ளைகளை ஓஜேடிக்கு எங்கே விட்டீர்கள்? அதில் யாரை அங்கேயே வேலைக்கு எடுத்தார்கள்? அந்த முதலாளி கடைசியாக எப்போது இந்த நிலையத்துக்கு வந்து போனார்? அவர் இடங்களின் பேரைச் சொல்லிக் கதைத்தால் நல்லது. “அது நாங்கள் பார்த்துத் தருவோம்” என்று மட்டும் வந்தால், பிள்ளை தன்பாட்டில் இடம் தேட வேண்டிவரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கள் பக்கத்தில் யாருடைய கை பற்றாமல் இருக்கிறது? இதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். எது பழுதாகி நிற்கும்போது ஆளுக்காகக் காத்திருக்கிறோம், எதைத் திருத்த யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ கொண்டுபோகிறோம் என்று பாருங்கள். காலபோக அறுவடை நேரம் அறுவடை இயந்திரம் வயலுக்குள் நின்றால் ஒரு நாள் போவது எவ்வளவு நட்டம் என்று உங்கள் அவருக்குத் தெரியும். தண்ணீர்ப் பம்பி மோட்டார் எரிந்தால் சுற்றிக் கொடுக்க எத்தனை நாள்? பால் குளிரூட்டுகிற இடம், மீன் லொறி, ஐஸ் தொழிற்சாலை, கடைகளில் பெரிய குளிர்சாதனப் பெட்டி என்று குளிர் சம்பந்தப்பட்ட சாமான் பெருகிக்கொண்டு வருகிறது, குளிரூட்டல் வளிச்சீராக்கல் படித்த பிள்ளை ஊருக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற அம்மாமார் என்றால், படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைத் திருத்துகிறவர் யார், அவருக்கு வயது என்ன, அவரிடம் யார் பழகுகிறார்கள் என்று பாருங்கள். கிழவருக்குப் பின்னால் ஆளில்லாத தொழில் எதுவோ, அதில் இடம் இருக்கிறது.

வாகனத் திருத்தமும் அப்படித்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வண்டிகளை விடாமல் இழுத்து ஓட்டினோம். இனி வருகிறவற்றில் சென்சரும் பற்றரியும் கூட. ஸ்பனரோடு கணினியையும் பிடித்துப் பழுதைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்தான் அவற்றுக்குத் தேவை. நீங்கள் சொன்ன கணினி ஆசை வீண்போகாது அக்கா, இங்கேதான் அது காசாகும். தட்டச்சும் எக்செல்லும் மட்டும் சொல்லித்தருகிற ஆறு மாதக் கோர்ஸ் வேறு எதற்கும் துணையாக இருக்கலாம், தனியாக நின்று சோறு போடாது. எங்கள் பிள்ளைகளின் பைல்களைத் திறந்து பாருங்கள், 2009க்குப் பிறகு வந்த திட்டங்கள் கொடுத்த கணினி, கேக், தையல், அழகுக்கலைச் சான்றிதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். எடுத்தவர்களில் பிழையில்லை, வந்ததைப் படித்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவதானமாக இருங்கள். கட்டும்போது வருகிற வேலையும் கட்டி முடித்த பிறகு நிற்கிற வேலையும் ஒன்றல்ல. இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். அது மும்முரமாக நடந்த காலத்தில் வன்னியில் ஒரு மேசனைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதைப் பார்த்து மேசன் வேலை பழகப் போனவர்கள் பலர் தேர்ச்சி பெற்று வரும்போது வீடுகள் எழும்பிவிட்டன. மன்னாரில் தம்பபவனி காற்றாலை, 30 காற்றாலைகள், 100 மெகாவோற்றுக்குக் கிட்ட, 2020 டிசம்பரில் திறந்தார்கள். நட்டு முடியும்வரை ஆள் நிறைய வேண்டும், நட்ட பிறகு பார்த்துக்கொள்ளச் சிறு குழு போதும். அதனால் பெரிய திட்டம் வருகிறது என்று பேப்பரில் பார்த்ததும் பிள்ளையை அதற்கென்று படிப்பிக்கக் கிளம்பாதீர்கள். மின், வெல்டிங், குளிரூட்டல் போன்ற தொழில் கையில் இருந்தால் திட்டம் வந்தாலும் போகலாம், போனாலும் வேறு இடத்தில் நிற்கலாம்.

பெண்பிள்ளை வைத்திருக்கிற அம்மாமாரும் இதை வாசிப்பீர்கள். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் இருக்கிற ஆடைத் தொழிற்சாலை என்றால் உடனே தையல் மிசினில் குந்துவது என்றுதான் நினைக்கிறோம். அந்த மிசின்களைத் திருத்துகிறவர், மின் பார்க்கிறவர், தரம் பார்க்கிறவர், ஒரு உடுப்புக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கெடுக்கிறவர் எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்று தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலேயே நேரே கேட்கலாம், யாரும் கடிக்கமாட்டார்கள்.

முதலாளிமாரிலும் குற்றம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சந்திக்குச் சந்தி சொல்வார்கள், பயிலுனர் வந்தால் புது மிசினைத் தொடவிடாமல் கூட்டுமாறைக் கையில் கொடுப்பார்கள், கொடுப்பனவைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். வயல் கூலிக்குப் போனால் அன்றைக்கே கையில் காசு, பயிற்சியில் அதைவிடக் குறைவு. வீட்டு நிலைமை இறுக்கமான பிள்ளை இடையில் விட்டுப்போவதற்கு இதுதான் பெரிய காரணம். உங்களால் ஒரு வருசம் தாங்க முடியுமா என்று தகப்பனும் நீங்களும் இப்போதே இருந்து கதையுங்கள், பாதியில் வைத்துக் கதைக்காதீர்கள்.

அரச வேலையைப் பற்றி அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். விண்ணப்பம் போடட்டும். வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே தொழிலும் படிக்கலாம். தொழில்நுட்ப உத்தியோகங்கள் பலவற்றுக்கு என்.வி.கியூ. கேட்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

கொழும்பு டிப்ளோமா என்றால், காசு கட்ட முதல் அந்த நிறுவனமும் அந்தக் கற்கையும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம், முடியாவிட்டால் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். சுவரில் தொங்குகிற வெளிநாட்டுக் கொடியைப் பார்த்து நம்பாதீர்கள். தம்பி அனுப்புகிற காசுக்கு எனக்கு வேறு இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று மோட்டார் சைக்கிள் லைசென்ஸ். வன்னியில் தொழில்நுட்ப வேலை என்றால் வயலுக்கும் ஆலைக்கும் ஓட வேண்டும், லைசென்ஸ் இல்லாதவனை எடுக்க யோசிப்பார்கள். மற்றது பேச்சுச் சிங்களம். மிசின் கம்பனியின் சேவைப் பொறியியலாளர் தெற்கிலிருந்து வருவார், அவரோடு நின்று நாலு கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை ஒரு வருசத்தில் படிப்பதை ஒரு கிழமையில் பிடித்துவிடும்.

இனி மகன். அவன் வாயே திறக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பதிவில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள், அயல் வீடுகளின் பம்பியை அவன்தான் கழற்றிப் பூட்டிக் கொடுப்பான், காசும் வாங்கமாட்டான் என்று. அதைக் குறையாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பதிவிலேயே பிடித்தது அந்த இடம். பம்பி பிடிக்கிறதென்றால் மின்னும் மோட்டாரும் அவனுக்கு ஒத்துவரலாம், இல்லாமலும் போகலாம், அவனைக் கேட்காமல் நான் சொல்லமாட்டேன்.

வருகிற கிழமை நிலையங்களைப் பார்க்கக் கிளம்பும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் மாங்குளம் வந்து பஸ் மாறினால் அறிவியல் நகரைப் பார்த்துவிட்டு அதே நாளில் திரும்பலாம், வவுனியாவுக்கு இன்னொரு நாள். உள்ளே போனதும் அந்த மூன்று கேள்வியையும் அவனே கேட்கட்டும். நீங்கள் கன்டீனில் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருங்கள். வந்த பிறகு அவனுடைய குரலில் எனக்கு ஒரு பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.