நாலு த்ரெட் போட்டும் வேகம் கூடவில்லையா?

கோண்டாவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வாசிகசாலையின் பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து, பைதன் நிரல் ஒன்றால் எழுத்தாக்குகிறேன். பக்கத்தைச் சுத்தப்படுத்துவது, பிக்சல் பிக்சலாகச் சுற்றிப் பார்க்கும்படி நானே எழுதிய லூப். எழுத்தை வாசிப்பது பைடெசராக்ட். நான்கு கோர் உள்ள விண்டோஸ் மடிக்கணினியில் நாலு த்ரெட் போட்டும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. தனித்தனிப் புரோசஸாக மாற்றட்டுமா?"

முழு நிரலையும் மாற்ற வேண்டாம். (த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் பக்கத்துப் பக்கமாக ஓடும் வேலை இழை. புரோசஸ் என்பது தன் சொந்த நினைவகத்தோடு தனியாக ஓடும் நிரல்.) இடைஞ்சல் உங்கள் லூப்பில்தான் இருக்கிறது. வழக்கமான பைதனில் ஜி.ஐ.எல் என்றொரு பூட்டு உண்டு. ஒரு புரோசஸுக்குள் எத்தனை த்ரெட் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைதன் கட்டளைகளை ஓட்ட முடியும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஏ4 பக்கம் ஏறக்குறைய 87 லட்சம் பிக்சல். அவ்வளவையும் லூப் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது மற்ற மூன்று த்ரெட்டும் பெரும்பாலும் முறைக்காகக் காத்து நிற்கும். (2024இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து பூட்டு இல்லாத பைதனும் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதைத் தேடிப் போகத் தேவையில்லை.)

எழுத்தை வாசிக்கும் பகுதியின் கதை வேறு. பைடெசராக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும், உண்மையில் எழுத்தை வாசிக்கும் நிரலான டெசராக்டைத் தனிப் புரோசஸாகவே கிளப்புகிறது. உங்கள் த்ரெட் செய்வதெல்லாம் அது முடியும்வரை காத்திருப்பதுதான், அந்த நேரத்தில் பூட்டும் திறந்தே இருக்கும். ஆகவே இங்கே த்ரெட் தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டெசராக்ட் தனக்குள்ளும் பல த்ரெட்களைத் திறக்கக்கூடியது. நாலு டெசராக்ட் ஒன்றாக ஓடினால் நாலு கோரிலும் நெரிசல்தான். ஓ.எம்.பி_த்ரெட்_லிமிட் (OMP_THREAD_LIMIT) என்ற சூழல் மாறிக்கு, அதாவது நிரல் தொடங்கும்போது பார்க்கும் அமைப்புக்கு, 1 கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

சரி, லூப்பை என்ன செய்வது? நானென்றால் முதலில் அதைத் தூக்கிவிட்டு ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்கத் தொகுப்பின் அடாப்டிவ் த்ரெஷோல்ட் (பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் கட்டளை) போடுவேன். அது சி++இல் ஓடும், ஓடும்போது பூட்டையும் விட்டுவிடும். பெரும்பாலும் அதற்குப் பிறகு புரோசஸ் பற்றிய கேள்வியே எழாது.

உங்கள் லூப் செய்வதை அது செய்யவில்லையென்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் புரோசஸ் பூல் (வேலையைப் பகிர்ந்து செய்யும் சில புரோசஸ்களின் கூட்டம்) வையுங்கள். புரோசஸ்களுக்கு நினைவகம் தனித்தனி என்பதால், அனுப்பும் எதுவும் பிரதி எடுத்தே போகும். ஒரு வண்ணப் பக்கம் நினைவகத்தில் சுமார் 26 எம்பி. படத்தை அனுப்பாமல் கோப்பின் பாதையை மட்டும் அனுப்புங்கள், திறப்பதும் சேமிப்பதும் அந்தப் புரோசஸுக்குள்ளேயே நடக்கட்டும். விண்டோஸில் ஒவ்வொரு புதுப் புரோசஸும் உங்கள் நிரல் கோப்பை மீண்டும் இம்போர்ட் செய்யும். பூலைத் தொடங்கும் வரிகளை மெயின் சரிபார்ப்புக்குள் (if __name__ == '__main__':) வைக்காவிட்டால் நிரல் பிழை காட்டி நிற்கும்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு பக்கத்தின் முடிவையும் தனிக் கோப்பில் எழுதுங்கள். ஒரே கோப்பில் நாலு பேர் எழுதினால் வரிகள் கலந்துவிடும். மூல ஸ்கேனின் மேல் எதையும் எழுதவே வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண் இது, உங்கள் வாசிகசாலையில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். நிரல் பாதியில் நின்றாலும் மூலம் அப்படியே இருக்க வேண்டும்.