மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டால் மாமாவின் பதவி போகுமா?

கேள்வி: என் தாய்மாமா நெல்லைப் பக்கத்துத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ. தொகுதி, கட்சி பெயர் வேண்டாம். மாணவரணியில் கொடி பிடித்த நாளிலிருந்து ஒரே கட்சி. ஓட்டுக் கேட்டுப் போன ஊரிலெல்லாம் "நான் இருக்கிற வரைக்கும் நம்ம குளத்துல ஒரு கூடை மண்ணுகூட எவனும் அள்ள முடியாது" என்று பேசினவர். இப்போது அவர் கட்சி அரசே கொண்டுவரும் ஒரு மசோதாவால் குளத்துப் புறம்போக்கு கைமாறிவிடும் என்று நினைக்கிறார். எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்கிறார். ஆதரிக்கச் சொல்லி கொறடா (சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) உத்தரவு வந்துவிட்டது. "பதவி போயிரும், பாத்துக்கிடும்" என்று மாவட்டத்தில் மிரட்டுகிறார்கள். "காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிடுங்க" என்கிறாள் அத்தை. கட்சியே நீக்கிவிட்டால் அவர் சுதந்திரமாக இருக்கலாமா? ராஜினாமா செய்துவிட்டு மறுபடி நிற்கலாமா? சீட்டு கொடுக்கும்போது தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள், அது செல்லுமா? அத்தை பேரூராட்சி கவுன்சிலர், அதே கட்சி. அவளுக்கும் ஆபத்தா?
ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்சித்தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை. அது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே. பேரூராட்சிக்கு எட்டாது. மாமா போடும் ஓட்டுக்காக அத்தையின் நாற்காலியை யாரும் இழுக்க முடியாது. ஆனால் அத்தை சொன்ன காய்ச்சல் யோசனை மோசமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்த இந்த அட்டவணையில் உங்கள் மாமாவைத் தொடுகிற இடம் இரண்டு. ஒன்று, கட்சி உறுப்பினர் தகுதியைத் தானாகவே கைவிடுவது. மற்றது, கட்சி பிறப்பித்த உத்தரவுக்கு மாறாக, முன் அனுமதி இல்லாமல் வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. "வாக்களிக்காமல் இருப்பது" என்ற வார்த்தைகளை அத்தையிடம் படித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாலும், கட்சியிடம் முன்கூட்டி அனுமதி வாங்காவிட்டால் கணக்கு ஒன்றுதான். 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தில் பட்ஜெட் வாக்கெடுப்பில் சபைக்கு வராமல் இருந்த ஆறு ஆளும் கட்சி உறுப்பினர்கள் தகுதிநீக்கம் ஆனார்கள். பொய்ச் சான்றிதழ் வேறு சேர்ந்துகொண்டால், கொள்கைக்காக நின்ற மனிதர் என்ற பெயரும் போய்விடும்.

மீறினாலும், வாக்களித்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தகுதிநீக்கம் கிடையாது. கட்சிக்குள்ளேயே மாமாவை மதிக்கிற பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பேச வேண்டியது இந்தப் பதினைந்து நாளில்தான். அதைவிட முக்கியம், வாக்கெடுப்புக்கு முன்னாலேயே கொறடாவுக்கும் தலைமைக்கும் எழுத்தில் அனுமதி கேட்பது. "என் தொகுதி பாசனக் குளங்களைப் பற்றியது, தேர்தலில் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இந்த ஒரு மசோதாவில் எதிர்த்து வாக்களிக்க அனுமதி வேண்டும்" என்று இரண்டு பத்தி போதும். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்க வேண்டும். நாளைக்கு இது ஆவணம்.

இனி பலரும் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். எல்லாக் கொறடா உத்தரவுக்கும் பதவியைப் பறிக்கும் பலம் உண்டா? 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இந்த அட்டவணையைச் செல்லும் என்றது. கூடவே ஒரு வேலியும் போட்டது. அரசின் ஆயுளே தொங்கும் நம்பிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள், அல்லது கட்சி எந்தக் கொள்கையையும் திட்டத்தையும் சொல்லி மக்களிடம் ஓட்டுக் கேட்டதோ அதன் முக்கியப் பகுதி. இந்த இரண்டில் அடங்கும் உத்தரவை மீறினால்தான் தகுதிநீக்கம் என்று அட்டவணையைப் படிக்க வேண்டும். மீறினால் பதவி போகும் என்பது உத்தரவின் வாசகத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே நான் கேட்பேன்: இந்த மசோதா உங்கள் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருக்கிறதா? இல்லவே இல்லை என்றால், அல்லது "நீர்நிலைகளைக் காப்போம்" என்று அதே அறிக்கையில் வேறு பக்கத்தில் எழுதியிருந்தால், மாமாவின் கையில் நல்ல வாதம் இருக்கிறது. கட்சியை மீறியது மாமா இல்லை, அறிக்கையை மீறியது மசோதா என்று நான் நின்று பேசுவேன். இது ஜெயிக்கக்கூடிய வாதம், ஜெயித்தே தீரும் வாதம் இல்லை. கட்சிகள் நடைமுறையில் எல்லா மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போடுகின்றன.

உத்தரவில் கையெழுத்து யாருடையது என்றும் பாருங்கள். கொறடாவை நியமிக்கும் அதிகாரம் அரசியல் கட்சிக்குத்தான், சட்டமன்றக் குழுவுக்கு இல்லை என்று 2023 மே மாதம் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "இல்லை" என்று மாமா சத்தம் போட்டாலும் யார் பெயரும் பதிவாகாது. எண்ணிக் கணிக்கும் முறையை யாராவது கேட்டால்தான் அவர் ஓட்டு தனியாகத் தெரியும். சபையில் எழுந்து மசோதாவை எதிர்த்துப் பேசுவதற்கு அரசியலமைப்பின் 194-ஆவது பிரிவு காப்பு தருகிறது. சபைக்குள் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. குளத்தைப் பற்றி அவர் பேச்சு அவைக்குறிப்பில் ஏறிவிட்டால், அந்த மசோதா சட்டமான பிறகு விவசாயிகள் வழக்குப் போடும்போதுகூட அது உதவும்.

முதலாவது வகையான 'தானாகக் கைவிடுதல்' பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். இதற்கு ராஜினாமாக் கடிதமே தேவையில்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994-இல் ரவி நாயக் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நம் பக்கத்து உதாரணத்தையே சொல்கிறேன். 2017 பிப்ரவரி 18-இல் நம்பிக்கைத் தீர்மானத்தின்போது ஆளும் கட்சியின் 11 உறுப்பினர்கள் அரசை எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்களில் ஸ்ரீவைகுண்டம், வாசுதேவநல்லூர் உறுப்பினர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பதவியும் போகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் முடிவு சபாநாயகர் கையிலேயே விடப்பட்டது. அதே 2017 ஆகஸ்ட் 22-இல் 19 பேர் முதலமைச்சருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஓட்டப்பிடாரமும் விளாத்திகுளமும் உண்டு. ஒருவர் பின்வாங்கிக்கொள்ள, செப்டம்பர் 18-இல் மற்ற 18 பேரும் தகுதிநீக்கம். ஓட்டுப் போட்டவர்கள் தப்பினார்கள், காகிதம் கொடுத்தவர்கள் மாட்டினார்கள்.

அந்த 18 பேர் வழக்கில் 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதிநீக்கம் சரி என்றார். இத்தனைக்கும் கர்நாடகத்தில் ஏறக்குறைய இதே மாதிரிக் கடிதத்துக்காகப் பதவி இழந்தவர்களை 2011-இல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியிருந்தது. இதிலிருந்து மாமாவுக்கு நான் சொல்வது: மசோதாவோடு சண்டை போடட்டும், முதலமைச்சரோடு வேண்டாம். ஆளுநர் மாளிகை வாசலை மிதிக்க வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர்களோடு மேடை ஏறவோ, அவர்கள் வீட்டில் போய் உட்காரவோ வேண்டாம். "வாங்கிட்டான்" என்று கிளப்பிவிட ஒரு போட்டோ போதும். ஓட்டுக்குப் பணம் வாங்கியிருந்தால் அந்த 194-ஆவது பிரிவுக் காப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியாகிவிட்டது.

கட்சி நீக்கினால் விடுதலை என்று மாமா நினைப்பது தவறு. இதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். 1991-இல் ஜெயித்து, கட்சியால் நீக்கப்பட்டு, பிறகு வேறு கட்சியில் சேர்ந்த ஜி. விஸ்வநாதன் வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: எந்தக் கட்சிச் சின்னத்தில் ஜெயித்தாரோ, நீக்கப்பட்ட பிறகும் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தக் கட்சிக்காரர்தான். வேறு கட்சிக்குப் போனால் பதவி போகும். இந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி பின்னால் பெரிய அமர்வுக்குப் போய், 2016-இல் விடை சொல்லப்படாமலே முடிந்தது. நீக்கினால் சும்மா இருக்கட்டும்.

முடிவெடுப்பவர் சபாநாயகர். இந்த விஷயத்தில் நம் சீமைக்குத் தனி வரலாறு. சேரன்மகாதேவி பி.எச். பாண்டியன், அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன், ராதாபுரம் அப்பாவு என்று அந்த நாற்காலிக்கு ஆள் அனுப்பிய ஊர் இது. சபாநாயகருக்கு "வானளாவிய அதிகாரம்" உண்டு என்ற பி.எச். பாண்டியனின் சொல்லை எங்கள் வக்கீல் சங்கத்தில் இன்றைக்கும் கிண்டலாகச் சொல்வோம். அந்த வானத்துக்கு 1992 தீர்ப்பு ஒரு கூரை போட்டது. தகுதிநீக்கம் செய்யும்போது அவர் ஒரு தீர்ப்பாயம், அவர் முடிவை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கலாம். மனு வந்தால் 1986 விதிகளின்படி விளக்கம் தர மாமாவுக்கு ஏழு நாள்தான். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் சொன்னார்கள். அது சபாநாயகர் இழுத்தடிக்கும் வழக்குகளுக்கு. ஆளும் கட்சியையே எதிர்த்தவர் விஷயத்தில் பெரும்பாலும் இழுத்தடிப்பு இருக்காது, அந்த 18 பேர் கதையில் பார்த்தீர்களே.

தேதி போடாத ராஜினாமாவுக்கு இன்றைக்கே மருந்து போடுங்கள். 190-ஆவது பிரிவின்படி ராஜினாமா சபாநாயகருக்கு எழுதப்பட வேண்டும். அது தானாக, உண்மையாகக் கொடுக்கப்பட்டது இல்லை என்று அவருக்குத் தோன்றினால் ஏற்கக் கூடாது. "முன்பு என்னிடம் வாங்கிய தேதியில்லாத கடிதம் எதையும் என் ராஜினாமாவாகக் கொள்ள வேண்டாம், ராஜினாமா செய்வதானால் நேரில் வந்து தருவேன்" என்று மாமா சபாநாயகருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

உண்மையாகவே ராஜினாமா செய்து மறுபடி நிற்கலாமா? நிற்கலாம். தகுதிநீக்கம் ஆனாலும் இடைத்தேர்தலில் நிற்கத் தடை இல்லை. பதவிக்காலம் முடியும்வரை நிற்கக் கூடாது என்று சபாநாயகர் போட்ட தடையை, 2019 நவம்பரில் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மறுபடி ஜெயிக்கும்வரை மந்திரி ஆக முடியாது. ஆனால் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் மக்கள் 2019 வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்தார்கள். அந்த 18 பேரில் இடைத்தேர்தலில் ஜெயித்து சபைக்குத் திரும்பியவர் ஒருவர்தான், அவரும் வேறு கட்சிச் சின்னத்தில். குளத்து மடைக்கு ஷட்டர் கேட்டுக் கலெக்டரிடம் மனு கொடுக்கும் விவசாயிக்குப் பின்னால் நிற்க அந்தக் காலத்தில் யாரும் இல்லை. இதையும் மாமா எண்ணிப் பார்க்கட்டும்.

என் யோசனை இதுதான்: முதலில் அனுமதி கேட்டுக் கடிதம், சபையில் முழுப் பேச்சு, தேர்தல் அறிக்கையில் இந்த மசோதா இல்லையென்றால் தைரியமாக எதிர் ஓட்டு. இருந்தால், ஓட்டுப் போடுவதற்கு முன்பே ராஜினாமா. வாக்கெடுப்புக்கு முன் மாமாவை ஒரு சாயங்காலம் பாளையங்கோட்டைக்கு அழைத்து வாருங்கள். கொறடா உத்தரவின் நகல், தேர்தல் அறிக்கை, மசோதா மூன்றும் கையில் இருக்கட்டும். அத்தையையும் கூட்டிவாருங்கள்.