பள்ளம் யாருடையது?

கேள்வி: மதுரையில் எங்கள் ஏரியா மெயின் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில், ராத்திரி பைக்கோடு விழுந்து என் கணவருக்குக் கால் முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாகத் தையல் கடை பூட்டியே கிடக்கிறது. கவுன்சிலர் எங்களையே திட்டுகிறார். கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கும் பதில் இல்லை. கான்ட்ராக்டரின் ஆள் ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். மாநகராட்சி மேல் கேஸ் போடவா? ஷேர் ஆட்டோ இடித்ததாகச் சொன்னால் சுலபம் என்கிறார் உறவினர்.

பதில்: கவுன்சிலர் திட்டியதற்கெல்லாம் கோர்ட்டில் காசு கிடையாது, விடுங்கள். ரோடு யார் பராமரிப்பு, வெட்டியது யார்? இதுதான் விஷயம். வார்டுக்குள் இருப்பதாலேயே அது மாநகராட்சி ரோடாகிவிடாது. பஸ் போகும் பெரிய ரோடுகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. தோண்டியது குடிநீர் வாரியமாகவும் இருக்கலாம். ரோடு வெட்ட யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருந்து விபத்து நடந்து ஒரு வருடத்தைத் தாண்டவிட்டால், காலவரம்புச் சட்டத்தின் 72-வது சரத்தைக் காட்டி உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது ஆட்டோ. விழுந்த ராத்திரி பெரியாஸ்பத்திரியில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கிப் பாருங்கள். ‘பள்ளத்தில் விழுந்தார்’ என்று நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கும். ஆட்டோவின் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடி எடுப்பதும் அந்தத் தாளைத்தான். இப்படி வண்டியைச் சேர்த்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனு தள்ளுபடியாகும். ஆட்டோக்காரரும் சாட்சியும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவார்கள். அதைவிட மோசம், ஆட்டோ இடித்தது என்று சத்தியம் செய்து கொடுத்த பிரமாண வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு நீட்டினால், பள்ளத்துக்கு நியாயமாகப் போட்டிருக்க வேண்டிய கேஸும் அன்றோடு போச்சு. உறவினருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பேசி முடியுங்கள். சிவில் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். கடை வாடகை காத்திருக்காது. ஆனால் ஒன்றரை லட்சத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வருமா, எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அதையும் எட்டு மாத வருமானத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாவது ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியவர்கள் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அந்த உத்தரவு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் (டிக்ரி) சமம். கான்ட்ராக்டர் பணம் தராமல் இழுத்தடித்தால் நேராக நிறைவேற்று மனு போட்டுவிடலாம்.