கப்பலில் தவுலை எங்கே வைத்தார்கள்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 20 வயது. ஊர் கும்பகோணம் பக்கம். இசைக் கல்லூரியில் நாகஸ்வரம், இரண்டாம் ஆண்டு. தாத்தா நாயனம், அப்பா தவுல். ஏழு வயதிலிருந்து எங்கள் செட்டோடு தாளம் போடப் போயிருக்கிறேன். தாளம் போட்டுக்கொண்டே தூங்கி, இடி வாங்கியதும் உண்டு. தாத்தா 1973இல் யாழ்ப்பாணம் போனாராம், கப்பலில் தவுல் நனைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே போனார்களாம். இப்போது அவருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிவைக்க ஆசை. ஆனால் உட்கார்ந்தால் ‘இசையே எங்கள் உயிர்’ என்கிற மாதிரிதான் வருகிறது. சித்தப்பா பங்குத் தகராறில் பிரிந்துபோய் எட்டு வருஷம் ஆகிறது. அதை எழுதலாமா? கல்லூரி நண்பர்களோடு ஒரு பேண்டிலும் வாசிக்கிறேன், அது தாத்தாவுக்குத் தெரியாது. “முதலில் பரீட்சைக்குப் படி” என்கிறார் அம்மா. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கப்பலில் ஆரம்பியுங்கள்.

அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, இராமேஸ்வரத்திலிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போனது. 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது அதுவும் நின்றது. தஞ்சாவூர்ப் பக்கத்து மேளக்காரர்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, கடல் தாண்டித் திருவிழாவுக்கு வாசிக்கப் போன காலம் அது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தவுல் நனைந்துவிடும் என்று ஏன் பயந்தார்கள்? இப்போது உங்கள் அப்பா வாசிக்கிற தவுலில் இரும்புப் பட்டையும் நட்டு போல்ட்டும் இருக்கும். தோல் தொய்ந்தால் ஒரு ஸ்பானரை எடுத்து முடுக்கிவிடலாம். அந்தக் காலத்துத் தவுல் தோல் வாரால் இழுத்துக் கட்டியது. கடல்காற்றின் ஈரம் ஏறினால் நாதமே செத்துவிடும், திரும்ப இழுத்துக் கட்டிச் சரிசெய்ய அரைநாள் ஆகும். அடுத்த நாள் சாயங்காலம் சுவாமி புறப்பாடு என்றால் அந்த அரைநாளுக்கு எங்கே போவது? இதையெல்லாம் தாத்தா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது தெரிந்த விஷயம். நீங்கள்தான் கேட்க வேண்டும். தவுலை எதில் சுற்றினார்கள்? மடியில் வைத்துக்கொண்டார்களா, கீழே வைத்தார்களா? சுங்கத்தில் உறையைத் திறந்து காட்டச் சொன்னார்களா? தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சியில் ரயில் மாறிப் போனார்களா, பஸ்ஸா? எந்தக் கோயில்? நல்லூர் என்றால் 25 நாள் திருவிழா. அத்தனை நாளும் எங்கே தங்கினார்கள், யார் சமைத்துப் போட்டார்கள்?

அப்புறம் ஒன்று கேளுங்கள். இரண்டு கரையிலும் கொண்டாடப்பட்ட தவுல் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அப்போது உயிரோடு இருந்தார். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அவர் கை பேசியதைத் தாத்தா நேரில் கேட்டாரா? கேட்டிருந்தால், என்ன கேட்டார் என்று அவரால் வாயால் சொற்கட்டாகவே, அதாவது தவுல் அடிகளை ‘த, தி, தொம்’ மாதிரி சொற்களாகவே சொல்ல முடியும். பேர், ஊர், வருஷமெல்லாம் மறந்துபோன பெரியவர்கள்கூடச் சொற்கட்டைத் தடங்கலில்லாமல் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். போனில் பதிவு செய்துவிடுங்கள், எழுத்தில் அது பாதிதான் வரும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாய்மாமா தவுல்காரர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். நீளமான கணக்கு நோட்டு நாலு இருந்தது. ஊர், தேதி, வாங்கிய முன்பணம், வர வேண்டிய பாக்கி. நடுவில் ஒரு இடத்தில் ‘மன்னார்குடி. பங்குனி. 18 நாள். மழை’ என்று எழுதியிருந்தது. இராஜகோபாலசுவாமிக்குப் பங்குனியில் 18 நாள் உற்சவம், அது தெரியும். மழை என்ன? பங்குனியில் மழை பெய்வதே அபூர்வம். புறப்பாடு நின்றதா, வெண்ணெய்த்தாழி அன்று பெய்ததா, தவுலைக் காப்பாற்ற என்ன செய்தார்? கணக்கு நோட்டில் மனுஷர் எழுதிவைத்த ஒரே ஒரு வேறு சொல் அதுதான். அவரோடு வாசித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர் இருந்தவரை எங்கள் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார், நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

‘இசையே எங்கள் உயிர்’ வருகிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். வந்தால் வரட்டும், எழுதி அடித்துவிடுங்கள். அடுத்த வரியில் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். நாயனத்தின் முனையில் செருகி ஊதுகிற சீவாளி ஒன்று போதும், பத்துப் பக்கம் வரும். திருவாவடுதுறையில் யாரிடம் வாங்குவார்கள், புதுச் சீவாளி பதம் வருவதற்கு எத்தனை நாள் ஊதிப் பார்ப்பார் தாத்தா, நாயனத்தில் தொங்குகிற கொத்தில் எதை முகூர்த்தத்துக்கு என்று ஒதுக்கிவைப்பார், குளிர்காலத்தில் வாயில் எவ்வளவு நேரம் ஊற வைப்பார். உங்கள் நாயனம் நரசிங்கம்பேட்டையில் கடைந்ததென்றால் அதன் ஆச்சா மரம் ஏதோ ஒரு பழைய வீட்டின் உத்தரமாக இருந்திருக்கலாம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. ஆனால் ஏழு வயதுப் பையனாக அப்பாவோடு அந்தப் பட்டறைக்குப் போய், மரத்தூள் வாசனையில் நின்ற கதையை எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது.

தூங்கிப்போய் இடி வாங்கியதை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அது ஒரு முழு ராத்திரி, தம்பி. கோயில் வாசலில் சுவாமி புறப்பாட்டுக்கான மல்லாரி எடுத்தபோது நீங்கள் விழித்திருந்தீர்கள், எந்த வீதியில் கண் சொக்கியது? எந்த வீதியில் எந்த ராகம் என்று தாத்தாவுக்கு ஒரு கணக்கு இருந்திருக்குமே. அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால் நீங்கள் தூங்கிய ராகம் எதுவென்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒத்துக்காரரையும் விட்டுவிடாதீர்கள். இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்பது ஒருவரை மட்டம் தட்டுகிற பேச்சாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, நாயனத்துக்குப் பின்னால் நின்ற மனிதர் ஒருவர் ஒவ்வொரு செட்டிலும் இருந்தார். தாத்தாவோடு கப்பலில் போனவர்களில் அவரும் இருந்திருப்பார். அவர் பெயர் என்ன?

இனி வீடு. செட்டு ஊர் ஊராகப் போனது பாதிக் கதைதான். தை பிறந்தால் முகூர்த்தம், பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழா. அந்த மாசங்களில் உங்கள் அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினார்? விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு யார் கதவு திறந்தது? ஆடியில் முகூர்த்தம் இல்லாதபோது மளிகைக் கடையில் என்ன சொல்லிக் கடன் வாங்கினார்? தவுல் வாசிக்க அப்பா விரலில் மாட்டுகிற கூட்டுக்குத் துணியைக் கிழித்து, பசை காய்ச்சிக் கொடுத்தது யார்? பரீட்சைக்குப் படி என்று அவர் சொல்வது அந்த ஆடி மாசங்களிலிருந்து வருகிற பேச்சு, அதை மதியுங்கள். படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் அவரிடமும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ‘என்னிடம் என்ன இருக்கிறது’ என்பார். கொஞ்சம் பொறுத்திருங்கள்.

சித்தப்பா விஷயம். எழுதுங்கள், முழுசாக எழுதுங்கள். எழுதுவது வேறு, அச்சில் கொடுப்பது வேறு. அச்சுக்குப் போகும் முன் அப்பாவும் சித்தப்பாவும் படித்தாக வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் நோட்டிலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நீங்கள் தாளம் போட ஆரம்பித்த முதல் நாலைந்து வருஷம் அவர் உங்கள் செட்டில்தானே இருந்திருக்கிறார்? நீங்கள் தூங்கியபோது இடித்தது யார் என்று கடிதத்தில் எழுதவில்லை. அவராக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் போங்கள். பங்குத் தகராறைப் பற்றிப் பேசவே வேண்டாம், சமாதானம் செய்யவும் போக வேண்டாம், அது பெரியவர்கள் பாடு. “சித்தப்பா, அந்த ஊரில் மண்டபத்தில் படுத்திருந்தோமே, அன்றைக்கு என்ன வாசித்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். கதவைத் திறக்க மாட்டார் என்று பயப்படுகிறீர்கள் போல. தாளம் போட்ட பையன் வந்தால் மேளக்காரர்கள் சோறு போடாமல் அனுப்பி நான் பார்த்ததில்லை.

பேண்டு விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. தாத்தாவிடம் மறைப்பது சரியில்லை, அவருக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கோபப்படலாம், ஒருநாள் பேசாமல்கூட இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருக்கிற பாரி நாயனமே ஒரு காலத்தில் புதுசு. அதற்கு முன்னால் செல்வாக்கோடு இருந்தது உச்சக் குரலில் ஒலிக்கிற குட்டை திமிரி. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை கேட்டுக்கொண்டபடி, சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற நீண்ட பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. இது தாத்தாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.

பேண்டைப் பற்றியும் இதே போல எழுதுங்கள். பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும், அதன் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்தி உங்கள் கட்டைக்கு வந்துவிடுவார், கிடார்காரர் தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போவைப் போட வேண்டும். திறந்த வீதியில் நாலு தெருவுக்குக் கேட்கச் செய்த வாத்தியத்தை ஒரு சின்ன அறையில், டிரம்ஸுக்கும் கிடாருக்கும் நடுவில் அடக்கி ஊத எப்படிப் பழகினீர்கள்? முதல் நாள் நண்பர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களா? இரண்டு செட்டிலும் வாசிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான், அங்கேயும் இங்கேயும் மூச்சு எப்படி மாறுகிறது என்று உங்களைத் தவிர யாரால் சொல்ல முடியும்?

மார்கழி வருகிறது, முகூர்த்தம் கிடையாது. விடியற்காலைக் கோயில் வாசிப்பு முடிந்து வந்தால் தாத்தாவுக்குப் பகல் பொழுது காலியாகத்தான் இருக்கும். வயதானவர்களுக்குக் காலையில்தான் நினைவு தெளிவாக இருக்கும், காபிக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரு ஊர். வரிசையாகச் சொல்லச் சொல்லாதீர்கள், தடுமாறுவார், தடுமாறினால் அவருக்கே பயம் வந்துவிடும். கையில் ஒரு பழைய சீவாளியைக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு முறை இரண்டு விதமாகச் சொன்னால் திருத்த வேண்டாம், இரண்டையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவையும் சித்தப்பாவையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

முதல் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புவீர்களா? கப்பலில் தவுலை எங்கே வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒத்துக்காரர் பெயரும்.